கிராம சபைக்குப் பதவிக்காலம் கிடையாது: எங்கள் ஊராட்சியின் தனி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

தனி அலுவலர் அவர்களுக்கு,

கடந்த ஆகஸ்ட் 15 அன்று, தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாமல் உங்கள் பொறுப்பில் இருக்கும் எங்கள் ஊராட்சியில் கிராம சபை கூடியதாகவும், வைக்கப்பட்ட பொருள்கள் அனைத்தும் ஒருமனதாக நிறைவேறியதாகவும் தீர்மானப் புத்தகம் சொல்கிறது. அந்தப் பக்கங்களின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி வாங்கி வைத்திருக்கிறேன். அதில் எழுதியிருப்பதும் அன்றைக்கு நாங்கள் கண்ணால் பார்த்ததும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. ஊராட்சி அலுவலகத்தில் சொன்னேன். மனுவாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். பரிசீலனையில் இருப்பதாகக் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது, அதோடு சரி. அதனால் இப்போது ஊரறிய எழுதுகிறேன்.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. கிழக்குத் தெருவில் தையல் மெஷின் வைத்துப் பிழைப்பவள். ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதால் கிராம சபைக்கும் உறுப்பினர். கடைசியில் சொன்ன அந்தத் தகுதியில்தான் உங்களிடம் பேசுகிறேன்.

அன்றைக்குக் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும், ஊராட்சி அலுவலகத்துக்கு எதிரே போட்டிருந்த சாமியானாவுக்குள் எங்களை உட்காரச் சொன்னார்கள். உங்களால் வர முடியவில்லை. உங்கள் பொறுப்பில் இத்தனை ஊராட்சிகள் இருக்கும்போது ஒரே காலையில் எல்லா இடத்திலும் இருக்க முடியாது என்பது எனக்கும் புரிகிறது. உங்களுக்குப் பதிலாகப் பற்றாளர் என்று ஒருவர் வந்திருந்தார். வேறு துறைக்காரர். எங்கள் ஊராட்சியில் எத்தனை குக்கிராமங்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவரையும் குறை சொல்ல மாட்டேன், அவரை அனுப்பியது அவர் கேட்டு அல்ல.

ஊராட்சிச் செயலர், தட்டச்சாகி வந்த தாள்களை எடுத்து வாசித்தார். கிராம ஊராட்சி நிர்வாகம் மற்றும் பொதுநிதிச் செலவினம் குறித்து விவாதித்தல். தூய்மையான குடிநீர் விநியோகம் குறித்து விவாதித்தல். கொசுக்கள் மூலம் பரவும் நோய்களைத் தடுப்பது குறித்து விவாதித்தல். ஒவ்வொரு தலைப்பிலும் விவாதித்தல் என்ற சொல் இருந்தது. தலைப்பை வாசித்ததும் தலையை நிமிர்த்தாமலே 'நிறைவேற்றப்பட்டது' என்று சொல்லி அடுத்த தாளுக்குப் போனார். பொதுநிதி என்ற இடத்தில் எழுந்து நின்று, எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, எதற்கு என்று கேட்டேன். படிவம் 30 என்று ஒன்று இருக்கிறதே, வரவு செலவை அதில் எழுதி சபையில் வாசித்துக் காட்ட வேண்டும், அதன் சுருக்கத்தைப் பேனராக வைக்க வேண்டும் என்று உங்கள் துறையே சொல்கிறதே என்றேன். பேனர் இருந்தது. அதில் சுதந்திர தின வாழ்த்து இருந்தது. 'கணக்கை ஆபீஸ்ல வந்து பாருங்கம்மா' என்றார் செயலர். ஆபீஸ் அவர் முதுகுக்குப் பின்னால் பத்தடியில் இருந்தது. பீரோ சாவி ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறதாம்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எல்லோரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் என்று சொல்லி, இணையத்தில் ஏற்றுவதற்கு ஒரு போட்டோ எடுத்தார்கள். கூட்டம் கலைந்தது.

இனி நகலைப் பார்ப்போம். எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகை 3,000-ஐத் தாண்டியது. விதிப்படி குறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வர வேண்டியவர்கள், 200 பேர். வருகைப் பதிவில் 200-க்குக் கொஞ்சம் மேலேயே கையெழுத்து இருக்கிறது. சாமியானாவுக்குள் கிடந்த நாற்காலிகள் 50, அதிலும் பின்வரிசை காலி. மீதிக் கையெழுத்து எங்கிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும். முதல் நாள் நூறு நாள் வேலை நடந்த இடத்துக்கு ஒரு நோட்டு போனது. என்ன ஏது என்று சொல்லாமல் வரிசையாகப் போட்டு வாங்கி வந்தார்கள். அதிலும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் சித்தி மகனின் கையெழுத்து இருக்கிறது. அவன் ஊருக்கு வந்தது பொங்கலுக்கு. என் பெரியம்மா பெயருக்கு எதிரே கைரேகை இருக்கிறது. பெரியம்மா 90-களில் அறிவொளி இயக்கத்து இரவு வகுப்பில் எழுத்துக் கற்றவர். அன்றிலிருந்து பேங்கிலும் ரேஷன் கடையிலும் யாராவது மை டப்பாவை நீட்டினால் கோபப்பட்டுப் பேனா கேட்டு வாங்கி, சுழி சுழியாக முழுப்பெயரையும் எழுதிவிட்டுத்தான் நகர்வார். நகலைக் காட்டினேன். 'இது யாரு விரலுடி?' என்று கேட்டார். அந்தக் கேள்வியை உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

குடிநீர் என்ற தலைப்பின் கீழே எழுதியிருக்கும் இரண்டு வரியையும் அப்படியே தருகிறேன்: 'பொதுமக்கள் குடிநீர் வசதி மேம்படுத்தக் கோரினர். பரிசீலிக்க முடிவு செய்யப்பட்டது.' அன்றைக்கு நாங்கள் கேட்டது வசதி மேம்பாடு இல்லை. கிழக்குத் தெரு மேட்டில் இருக்கிறது. ஜல் ஜீவன் குழாய் எங்கள் வீடுகளுக்கும் வந்தது, வீட்டுக்கு வீடு தூண் நட்டுக் குழாய் மாட்டி, ஆதார் எண்ணோடு படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். மேல்நிலைத் தொட்டியைத் திறந்தால் பள்ளத்துத் தெருக்களில் தண்ணீர் பீய்ச்சுகிறது, எங்களுக்கு வரும்போது நூலாக இறங்குகிறது. அந்தத் தூணின் உயரத்துக்கு அது ஏறாது. அதனால் தூணடியில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, குழாயைத் தரைக்குக் கீழே அறுத்து, குடத்தைக் குழிக்குள் இறக்கிப் பிடிக்கிறோம். மழை பெய்தால் குழியில் சாக்கடை நிற்கும். உங்கள் பதிவேட்டில் நாங்கள் குடிநீர் இணைப்பு பெற்ற வீடுகள்.

நாங்கள் வைத்த தீர்மானம் இதுதான்: நாலுமுக்கு ரோட்டில் ஒரு கேட் வால்வு போட வேண்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பள்ளத்துத் தெருக்களை அடைத்துவிட்டு மேட்டுத் தெருவுக்குத் தனியாகத் தண்ணீர் விட வேண்டும். டேங்க் ஆபரேட்டரே இது முடியும் என்றார். பள்ளத்துத் தெருக்காரர்களில் இரண்டு பேர் எழுந்து நியாயம்தான் என்றார்கள். ஒரு ஊராட்சி மன்றம் மூன்று கூட்டம் போட்டும் தீர்க்க முடியாத தெருச்சண்டையை ஊர் கூடிப் பேசி ஐந்து நிமிடத்தில் முடித்திருந்தது. அந்த ஐந்து நிமிடம்தான் அன்றைக்கு நடந்த ஒரே கிராம சபை. புத்தகத்தில் அதற்கு இடமில்லை, ஏனென்றால் தாள்கள் ஏற்கெனவே தட்டச்சாகி வந்துவிட்டன.

இதில் எனக்கு ஒரு அடிப்படைக் கேள்வி இருக்கிறது. 2019 டிசம்பரில் நாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மன்றத்தின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அரசியல் சட்டத்தின் 243-உ பிரிவு மன்றத்துக்கு ஐந்து ஆண்டு என்கிறது, அது முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நடத்தவில்லை. தலைவர், உறுப்பினர் இடத்தில் நீங்கள் வந்தீர்கள். 2016-இலும் இப்படித்தான். அக்டோபரில் தேர்தல் நின்றுபோய், மூன்று ஆண்டுக்கு மேல் தனி அலுவலர்கள்தான் ஊராட்சியை நடத்தினார்கள். பத்து ஆண்டுக்குள் இது இரண்டாவது முறை. ஏன் என்று உங்களிடம் கேட்டுப் பயனில்லை, அது மேலே உள்ளவர்கள் சொல்ல வேண்டிய பதில்.

உங்களிடம் கேட்பது இது. மன்றத்தின் பதவிக்காலம்தானே முடிந்தது? கிராம சபைக்கு ஏது பதவிக்காலம்? அதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, எனவே அது கலைவதும் இல்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள அத்தனை பேரும் சேர்ந்தால் கிராம சபை என்று அரசியல் சட்டமே சொல்கிறது. ஊராட்சியின் திட்டம், பட்ஜெட், தணிக்கை அறிக்கை இவற்றை அங்கீகரிப்பதும், திட்டங்கள் எந்த அளவில் நடக்கின்றன என்று பார்ப்பதும் அதன் வேலை என்று தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 சொல்கிறது. மன்றத்தின் அதிகாரத்தை உங்களிடம் கொடுத்தார்கள். சபையின் அதிகாரத்தை யாரும் உங்களிடம் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. ஓட்டுப் போட வழியில்லாத இந்தக் காலத்தில் எங்கள் கையில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். தலைவர் இருந்தபோதாவது வழியில் மறித்துக் கேட்போம், வீட்டு வாசலில் போய் உட்காருவோம், அடுத்த முறை பார்த்துக்கொள்கிறோம் என்று மிரட்டுவோம். உங்களை அப்படி மிரட்ட முடியுமா? ஆகவே தனி அலுவலர் காலத்தில் கிராம சபை இன்னும் ஒழுங்காக நடக்க வேண்டும். நடப்பது தலைகீழ்.

எதைக் கேட்டாலும் மனு கொடுங்கள் என்கிறீர்கள். கொடுக்கிறோம். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள் இருக்கிறது. 2025 ஜூலையிலிருந்து 'உங்களுடன் ஸ்டாலின்' என்ற அரசு முகாம்கள் வேறு நடந்தன. முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், சாதிச் சான்றிதழ் போன்றவற்றுக்கு அவை உதவின, என் மாமியாருக்கே உதவியது. ஆனால் தெருவுக்குத் தண்ணீரை எப்படிப் பிரிப்பது என்பது என் சொந்தக் குறை இல்லையே. அதைத் தனித்தனி மனுவாக எழுதினால், கிழக்குத் தெருக்காரிகள் தொல்லை தருகிறார்கள் என்று ஒரு கோப்பு உருவாகும். ஊர் கூடிப் பேசினால் அது ஊரின் முடிவு. முடிவெடுக்கக் கூடியவர்களை வரிசையில் நிறுத்தி மனு வாங்கிக்கொண்டு அனுப்புவதில் என்ன கணக்கு?

மக்கள் வருவதே இல்லை, அப்புறம் யாரை வைத்து விவாதிப்பது என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி மாதிரி இருக்கிறது. இதே ஊரில் நூறு நாள் வேலைக்கான சமூகத் தணிக்கை நடந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும். தணிக்கையாளர்கள் சில நாள் ஊரில் தங்கி, வீடு வீடாகப் போய் அட்டையையும் பேங்க் புத்தகத்தையும் ஒப்பிட்டார்கள். அப்புறம் கிராம சபை கூட்டி, எந்த வேலை, எத்தனை பேர், எவ்வளவு கூலி என்று பேர் பேராக வாசித்தார்கள். இடம் கொள்ளாத கூட்டம். வரப்பில் நின்றுகொண்டிருந்த ஒரு பாட்டி, 'வரத்துக்கால் தோண்டினதா வாசிக்கிறியே, அந்த வாரம் நான் ஆஸ்பத்திரியில கிடந்தேன், என் பேரு எப்படி வந்துச்சு?' என்று கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர். கணக்கு எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க அவருக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை, வாய்விட்டு வாசிக்க ஒருவர் தேவைப்பட்டார். அன்றைக்கு மத்தியானச் சோற்றுக்குக்கூட யாரும் எழுந்து போகவில்லை.

பள்ளிக்கூடத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன். மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. முதலில் எங்களைக் கூப்பிட்டு டீ கொடுத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பினார்கள். பிறகு வந்த தலைமையாசிரியர் செலவு நோட்டை மேசை மேல் விரித்து வைத்தார். ஒரு தாய் அதைப் புரட்டிவிட்டு, கழிப்பறை சுத்தம் செய்ய எழுதியிருக்கும் பினாயில் கணக்குக்குப் பள்ளிக்கூடமே மணக்க வேண்டுமே என்றார். எல்லோரும் சிரித்தோம், தலைமையாசிரியரும்தான். அடுத்த மாதத்திலிருந்து கழிப்பறை பார்க்கும்படி ஆனது. இப்போது கூட்டத்துக்கு ஆள் சேர்க்க யாரும் அலைய வேண்டியதில்லை.

ஆக, கணக்கை மறைத்தால் கூட்டம் வராது. வந்தவளும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, அடுத்த தடவை அந்த நேரத்தில் இரண்டு ஜாக்கெட் தைத்தால் காசாவது வரும் என்று நினைப்பாள்.

ஊர் மேலும் எனக்குப் புகார் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் பாதி உண்மையாகிவிடும். எங்கள் ஊரில் கிராம சபை எப்போதும் பெரிய ஊரில்தான் நடக்கும், ஊராட்சி அலுவலகத்துக்கு எதிரே. காலனிக்காரர்கள் வந்தால் சாமியானாவின் ஓரத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நாற்காலி காலியாகக் கிடந்தாலும் உட்கார மாட்டார்கள், உட்காரச் சொல்லவும் ஆள் இல்லை. பெண்கள் கேள்வி கேட்டால், 'உன் புருஷனை வரச் சொல்லு' என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் முன்வரிசையில் இருக்கிறார்கள். இது நீங்கள் செய்தது இல்லை. ஆனால் குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்று உங்கள் துறையின் சுற்றறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. தலைவராக இருந்தவருக்கு ஓட்டுக் கணக்கு, சொந்தக்காரர் கணக்கு எல்லாம் இருந்தது, காலனியில் வைக்கத் தயங்கினார். உங்களுக்கு அந்தத் தயக்கம் எதற்கு? தேர்தலில் நிற்காத ஒருவர் இந்த ஒரு விஷயத்திலாவது எங்களுக்குப் பயன்படலாம்.

கிராம சபையால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைக் காட்டலாம். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் பற்றித் தெரிந்ததும், மேலூர்ப் பக்கத்து ஊர்கள் கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஜனவரியில் ஜனங்கள் மதுரைக்கு நடந்தே போனார்கள், அந்த மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஒடிசாவின் நியம்கிரியில், மலையைத் தோண்டலாமா வேண்டாமா என்பதைக் கிராம சபைகளைக் கேட்டு முடிவு செய்யச் சொல்லி 2013-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. 12 ஊர்கள் கூடின, 12 ஊர்களும் வேண்டாம் என்றன, பாக்சைட் அங்கேயே கிடக்கிறது. அதற்காகத் தீர்மானம் போட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருக்கவில்லை. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் 2022-இலிருந்து தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டு வருகிறது, திட்டம் இன்னும் கைவிடப்படவில்லை. ஆனால் ஏகனாபுரத்துக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்பதாவது எழுத்தில் இருக்கிறது. எங்கள் தெரு என்ன சொன்னது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாங்கள் சுரங்கத்தையோ விமான நிலையத்தையோ நிறுத்தச் சொல்லவில்லை, ஒரு கேட் வால்வு கேட்டோம்.

உள்ளாட்சி என்றாலே மேடையில் உத்திரமேரூர் வந்துவிடும். முதலாம் பராந்தகன், குடவோலை, ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஜனநாயகம். அது ஒரு சதுர்வேதிமங்கலத்து, அதாவது பிராமணர் ஊரின், சபை, எங்கள் தெருக்காரர்களை வாசலில்கூட நிற்க விட்டிருக்காது. அது கிடக்கட்டும். அதே கல்வெட்டில், வாரியம் என்ற ஊர்க் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களின் பெயரையும், அவர்களுடைய உறவினர்கள் பெயரையும் குடத்தில் இடக் கூடாது என்று இருக்கிறது. குடத்தைப் பற்றிப் பேசும் யாரும் இந்த வரிக்கு வருவதில்லை.

இனி, நாங்கள் கேட்பவை.

ஆகஸ்ட் 15 கூட்டத்தின் வருகைப் பதிவை நீங்களே எடுத்து வைத்துச் சரிபார்க்க வேண்டும். அன்றைக்கு ஊரில் இல்லாதவர்களின் கையெழுத்தும், எழுதத் தெரிந்தவர்களின் ரேகையும் எப்படி வந்தன என்று விசாரித்து எழுத்தில் சொல்ல வேண்டும். விசாரணை என்ற பெயரில் செயலரை மட்டும் மாட்டிவிட்டுக் கோப்பை மூடிவிடாதீர்கள். தாள்களைத் தட்டச்சு செய்து அனுப்பியது யார், கூட்டத்துக்கு முன்பே கையெழுத்து வாங்கச் சொன்னது யார் என்பதும் அதில் வர வேண்டும்.

குறைவெண் இல்லாமல் நிறைவேறிய அந்தத் தீர்மானங்களை வைத்துக்கொண்டு எந்தச் செலவும் செய்யாமல், ஒரு சிறப்புக் கிராம சபையைக் கூட்ட வேண்டும். தனியாகக் கூட்ட முடியாது என்றால், அக்டோபர் 2 கூட்டத்தில் அவற்றை முதலிலிருந்து வைக்க வேண்டும். அந்தக் கூட்டத்தைக் காலனிச் சமுதாயக் கூடத்தில் நடத்துங்கள். ஏழு நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும் என்பது விதி. ரேஷன் கடையிலும் பால் சொசைட்டியிலும் ஒட்டுங்கள், தண்டோரா போடுங்கள், குழாயடியில் எங்களுக்குக் கேட்கட்டும். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, ஒட்டியதைப் போட்டோ எடுத்து, அன்றைக்கே கிழித்துப் போவது அறிவிப்பு ஆகாது.

பொதுநிதிக் கணக்கைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே எங்கள் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும். மோட்டார் ரிப்பேர், தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர் என்று தலைப்பு மட்டும் போடாமல், எந்தத் தேதியில் யாருக்கு எவ்வளவு என்று இருக்க வேண்டும். சபையில் அதை வாசிக்கும்போது நிறுத்தி நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். அரசு அனுப்பும் பொருள்கள் இருக்கட்டும், அவற்றுக்கு முன்னால் போன கூட்டத்தின் தீர்மானங்கள் என்ன ஆயின என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். நடக்காததை நடக்கவில்லை என்று காரணத்தோடு சொன்னால் நாங்கள் சண்டைக்கு வர மாட்டோம்.

தீர்மானப் புத்தகத்தைக் கூட்டத்தில் வைத்தே, கையால், நாங்கள் சொன்ன சொற்களில் எழுத வேண்டும். எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. அதற்கு முன் எந்த நோட்டும் வேலைத்தளத்துக்குப் போகக் கூடாது. ஒரு வாரத்துக்குள் நகல் தகவல் பலகைக்கு வர வேண்டும், பத்து ரூபாய் கட்டிக் காத்திருந்து வாங்கும் நிலையில் அதை வைக்காதீர்கள்.

கிழக்குத் தெருத் தீர்மானத்தை, நாலுமுக்கு ரோடு, கேட் வால்வு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்ற விவரங்களோடு, அக்டோபர் கூட்டத்தில் தனிப் பொருளாக வைக்க வேண்டும். உங்கள் பொறியாளரை அதற்கு முன் ஒருநாள் காலை ஆறு மணிக்கு, தண்ணீர் திறக்கும் நேரத்தில், எங்கள் தெருவுக்கு அனுப்புங்கள். மற்ற நேரத்தில் வந்தால் அவருக்கு வெறும் குழிகள்தான் தெரியும்.

அடுத்து வரும் கூட்டங்களில் ஒன்றுக்காவது நீங்கள் நேரில் வர வேண்டும். அக்டோபர் 2-க்கு வேறு ஊராட்சி இருந்தால் நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கூட்டத்துக்கு வாருங்கள். அதுவும் முடியாவிட்டால், எங்கள் ஊராட்சியின் கோப்புகளைப் படித்த, பதில் சொல்ல அதிகாரம் உள்ள ஒருவரைப் பற்றாளராக அனுப்புங்கள். பீரோ சாவியையும் கொடுத்து விடுங்கள்.

இந்த மடலுக்கு அக்டோபர் 2-க்கு முன் எழுத்துமூலம் பதில் எதிர்பார்க்கிறோம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் இதையே அன்றைக்குச் சபையில் வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்போம்.

இப்படிக்கு,
கிழக்குத் தெரு வாக்காளர், கிராம சபை உறுப்பினர்

நகல்: மாவட்ட ஆட்சியர் (ஊராட்சிகளின் ஆய்வாளர்), உதவி இயக்குநர் (ஊராட்சிகள்), ஊராட்சி அலுவலகத் தகவல் பலகை